கொழுந்து நிறுவையிலிருந்து சம்பளச் சீட்டு வரை: செயன்முறை வரைபடம் மூலம் மென்பொருள் தேவைகளைத் திரட்டும் முழுமையான வழிகாட்டி

ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்துக் கணக்கு மென்பொருள் செய்யப் போகிறீர்கள். தோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து "உங்களுக்கு என்னென்ன வேண்டும்?" என்று கேட்டால் ஒரு பட்டியல் கிடைக்கும். தொழிலாளர் பதிவு, கிலோ பதிவு, மாத அறிக்கை, பாஸ்வேர்ட், பிரிண்ட். அதில் பிழையாக எதுவும் இருக்காது. ஆனால் அதை மட்டும் நம்பிக் கட்டிய மென்பொருள் மழை பெய்யும் முதல் நாளே தடுமாறும். ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு கழிப்பது, யார் கழிப்பது, கழித்ததை யாருக்குச் சொல்வது என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. தினமும் அந்த வேலையைச் செய்கிறவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது.

அதனால் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் படமாக வரைந்து, அந்தப் படத்தின் ஒவ்வொரு அம்புக்குறியிலும் நின்று கேள்வி கேட்க வேண்டும். வணிகச் செயன்முறை வரைபடத்தைத் தேவை திரட்டப் பயன்படுத்துவது என்பது இதுதான். இலங்கை மலையகத்தின் ஹட்டனிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் கணினி படித்துவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சிறிய மென்பொருள் செய்ய இறங்கும் இளைஞர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணம் முழுக்கக் கொழுந்து நிறுவைதான். முறை எந்த வேலைக்கும் பொருந்தும்.

படி 1: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

"தோட்ட நிர்வாகம் முழுவதையும் வரைவோம்" என்று ஆரம்பித்தால் படம் சுவரை நிரப்பும், ஒரு தேவையும் வெளியே வராது. செயன்முறைக்கு ஒரு தொடக்க நிகழ்வும் ஒரு முடிவு நிகழ்வும் வேண்டும். நம் உதாரணத்தில் தொடக்கம், காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு வருகிறவர்கள் கூடும் இடத்தில், பேர் கொடுப்பது (அன்றைய வரவைப் பதிவது). முடிவு, அன்றைய கிலோவும் வேலை நாளும் செக்ரோலில், அதாவது தொழிலாளர் வரவு-சம்பளப் பதிவேட்டில், ஏறுவது. மாதச் சம்பளம் போடுவது வேறு செயன்முறை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டுவது, அரைப்பது, காய வைப்பது, சலிப்பது இன்னொன்று. இவற்றை ஒரே தாளில் மூன்று பெட்டிகளாக மட்டும் போட்டு, எது எதற்குத் தகவல் கொடுக்கிறது என்று ஓர் அம்புக்குறி இழுத்தால் போதும்.

எல்லையை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் எழுதி வையுங்கள். "இந்தப் படத்தில் தீபாவளி அட்வான்ஸ் கிடையாது" என்ற ஒரு வரி பிறகு பல வாதங்களைத் தவிர்க்கும்.

படி 2: வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

முகாமையாளர் சொல்வது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. மலையில் வேலையையும் கணக்கையும் பார்க்கும் கணக்கப்பிள்ளை சொல்வது எப்படி நடக்கிறது என்பது. கொழுந்து எடுக்கிறவர் சொல்வது அது தவறும்போது என்ன ஆகிறது என்பது. மூன்றும் தேவை. ஆனால் ஒரே கூட்டத்தில் மூன்று பேரையும் உட்கார வைத்தால் முதலாமவர் மட்டும்தான் பேசுவார். தனித்தனியாகப் பேசுங்கள்.

பேச்சுக்கு முன்னால் பார்வை. காலையில் பெரட்டில் நில்லுங்கள். பிறகு கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நில்லுங்கள். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று நிறுவை நடக்கும். அவற்றில் கடைசி நிறுவையைத் தவறவிடாதீர்கள். எல்லோரும் களைத்து, வெளிச்சம் குறைந்து, லொறி அவசரப்படுத்தும் நேரம் அது. விதிகள் வளைவதும் அப்போதுதான்.

கேட்கும் கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். இதற்கு முன் என்ன நடந்தது? இப்போது இந்தத் தாள் யாரிடம் போகும்? அவர் இன்று வரவில்லை என்றால்? இப்படி இல்லாமல் வேறு மாதிரி நடந்தது கடைசியாக எப்போது? இந்த நாலாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் கதை கிடைக்கும், கதைக்குள் தேவை இருக்கும்.

கையில் சிக்கும் எல்லாத் தாளையும் அனுமதியோடு படம் எடுங்கள். நிறுவைப் புத்தகம், தொழிலாளியிடம் இருக்கும் துண்டு அல்லது அட்டை, லொறியோடு போகும் சீட்டு, செக்ரோல் பக்கம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்புகளைக் கவனியுங்கள். அச்சடித்த கட்டங்களில் இடம் இல்லாத ஒரு தகவலை யாரோ தினமும் எழுத வேண்டியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

படி 3: இருப்பதை இருக்கிறபடியே வரையுங்கள்

வரைவதற்கு ஒரு பொதுக் குறியீடு இருக்கிறது: பிபிஎம்என் (BPMN, வணிகச் செயன்முறைகளை வரையும் குறியீட்டு முறை). 2004இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது புழங்கும் 2.0 பதிப்பை ஓஎம்ஜி (OMG) என்ற மென்பொருள் தர அமைப்பு 2011இல் வெளியிட்டது. 2013இல் அது ஐஎஸ்ஓ 19510 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. அதில் குறிகள் ஏராளம். தேவை திரட்டுவதற்கு அவற்றில் சிலவே போதும்: மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, முனை வளைந்த செவ்வகம் ஒரு பணி, சாய்சதுரம் பாதை பிரியும் இடம், முழுக்கோட்டு அம்பு வரிசை, விட்டுவிட்டுப் போகும் கோட்டு அம்பு இரு நிறுவனங்களுக்கு இடையே போகும் செய்தி, மூலை மடிந்த தாள் ஓர் ஆவணம். சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் ஏதாவது ஒரு வழி, கூட்டல் குறி இருந்தால் எல்லா வழியும் ஒரே நேரத்தில். அவ்வளவுதான்.

முதல் படம் காகிதத்திலோ ஒட்டும் சீட்டுகளிலோ இருக்கட்டும். கிழித்துப் போட மனம் வர வேண்டும். ஓரளவு நிலைத்த பிறகு கமுண்டா மொடலர், டிரோ.ஐஓ போன்ற இலவசக் கருவிகளில் ஏற்றலாம்.

இப்போது கிடைவரிசைகள். ஒருவருக்கு ஒரு வரிசை: கொழுந்து எடுப்பவர், கங்காணி (தொழிலாளர் குழுவை மேற்பார்ப்பவர்), வெளிக்கள உத்தியோகத்தர், லொறி, ஸ்டோர், தோட்ட அலுவலகம். ஸ்டோர் வேறு கம்பனிக்குச் சொந்தம் என்றால் அதைத் தனிப் பெரும் கட்டமாகப் பிரித்து, நடுவே செய்தி அம்பு மட்டும் போடுங்கள். ஏனென்றால் அங்கே நடப்பது உங்கள் மென்பொருளின் கட்டுப்பாட்டில் இல்லை. வருகிற தகவலை வாங்குவது மட்டுமே உங்கள் வேலை.

கொழுந்து எடுப்பவருக்கு ஒரு வரிசை கட்டாயம் வேண்டும். "அவர் கணினியைத் தொடப் போவதில்லையே, எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவரை விட்டுவிட்டு வரைந்தால், கிலோவைத் தராசில் அவர் பார்ப்பது, துண்டு வாங்குவது, குறைந்திருந்தால் கேள்வி கேட்பது என்று அவர் செய்யும் எதுவும் படத்தில் வராது. படத்தில் வராதது தேவையாக மாறாது, தேவையாக மாறாதது மென்பொருளிலும் இருக்காது. கடைசியில் யாருடைய உழைப்பைக் கணக்கிடுகிறோமோ அவருக்கு மட்டும் கணக்கைப் பார்க்க வழி இல்லாமல் போகும். மலையகத்தில் கிலோத் தகராறு புதிய விஷயம் இல்லை. புத்தகத்தில் நடந்த தகராறு திரைக்குள் போய் ஒளிந்துகொள்ள நம் மென்பொருள் இடம் கொடுக்கக் கூடாது.

பணிப் பெட்டிகளில் வினைச்சொல்லோடு எழுதுங்கள்: "கொழுந்தை நிறு", "கிலோவைப் பதி", "துண்டு கொடு". "நிறுவை மேலாண்மை" என்று எழுதினால் அந்தப் பெட்டிக்குள் யார் என்ன செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர்கள் வாயில் வரும் சொல்லையே போடுங்கள். மலை, நிறை, மடுவம், பேர், அரைப்பேர் (அரை நாள் வரவு), கைக்காசு (நாள் கணக்கில் சேராத நேரடிக் காசு வேலை) என்று இருந்தால்தான் படத்தைப் பார்த்ததும் "இது இப்படி இல்லையே" என்று அவர்கள் திருத்துவார்கள்.

படி 4: ஒழுங்கு தவறும் இடங்களைத் தேடுங்கள்

எல்லாம் சரியாக நடக்கும் நாளின் படம் ஒரு மணி நேரத்தில் வரைந்துவிடலாம். மீதி நேரம் முழுவதையும் இந்தப் படிக்கு வையுங்கள்.

படத்தின் ஒவ்வொரு பணியிலும் விரலை வைத்து "இது நடக்காவிட்டால்?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். நிறுவையில் மட்டும் எவ்வளவு வருகிறது பாருங்கள்.

மழையில் நனைந்த கொழுந்து. ஈரத்துக்குக் கழிவு உண்டா, எத்தனை கிலோ, யார் தீர்மானிப்பது? கண்ணால் பார்த்துச் சொல்வதா, எல்லோருக்கும் ஒரே அளவா? சாக்குக்கும் கூடைக்கும் கழிப்பது தனியாகவா, இதோடு சேர்த்தா? கழிக்கும் முன் இருந்த நிறையும் பதிவாக வேண்டுமா? என் கருத்தில் கட்டாயம் வேண்டும். மொத்த நிறை, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, மிச்ச நிறை என்று நான்கும் தனித்தனிப் புலங்களாக இருந்தால்தான் எது ஏன் குறைந்தது என்று பிறகு பதில் சொல்ல முடியும்.

தராசின் பற்றரி இறங்கிவிட்டது. பழைய தொங்கு தராசில் நிறுக்கிறார்கள். அப்படியானால் கையால் எண்ணை இடும் வழி வேண்டும். அந்தப் பதிவு கையால் இடப்பட்டது என்ற அடையாளமும் வேண்டும்.

ஒரே மலையில் ஒரே பெயருள்ள இரண்டு பேர். பெயரால் தேடும் திரை இங்கே ஆபத்து. செக்ரோல் இலக்கமே அடையாளம், பெயர் வெறும் உறுதிப்படுத்தல்.

ஒரு தொழிலாளி இன்று பக்கத்து டிவிஷனுக்கு உதவிக்குப் போயிருக்கிறார். கிலோ எந்த டிவிஷன் கணக்கில்? பேர் எங்கே?

மத்தியானத்தோடு உடம்புக்கு முடியாமல் போய்விட்டார். அது அரைப்பேரா? அந்தத் தீர்மானத்தை எடுப்பவர் கங்காணியா, உத்தியோகத்தரா?

ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை. அது கிலோவுக்கு நேரடிக் காசு என்றால், நாள் கணக்கில் கலக்காமல் தனியாக ஓட வேண்டும்.

பள்ளத்தில் இருக்கும் மடுவத்தில் சிக்னல் இல்லை. இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஓரமாக வைக்காமல் படத்திலேயே வரையுங்கள்: பதிவு கைபேசியில் தங்குகிறது, அலுவலகத்துக்கு வந்ததும் ஏறுகிறது. நடுவில் கைபேசி தண்ணீரில் விழுந்தால்? கையில் கொடுத்த காகிதத் துண்டு அப்போது ஒரே ஆதாரமாக ஆகிவிடும். ஆகவே துண்டை நிறுத்திவிடலாம் என்ற யோசனை வந்தால் இந்த இடத்தைக் காட்டுங்கள்.

அடுத்தது தசமம். சின்னதாகத் தெரியும், அதனால் யாரும் கேட்பதில்லை. உதாரணத்துக்கு ஒருவர் மூன்று நிறுவையில் 8.4, 7.2, 6.9 கிலோ கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 22.5. ஒவ்வொரு நிறுவையிலும் தசமத்தை விட்டுவிட்டால் 8, 7, 6 என்று 21தான். ஒரு நாளைக்கு 1.5 கிலோ காணாமல் போகிறது. 25 நாளில் 37.5 கிலோ. நாள் முடிவில் மொத்தத்தில் மட்டும் தசமத்தை விட்டால் குறைவது அரைக் கிலோ. மூன்றாவது வழி, எதையும் விடாமல் வைப்பது. இதில் எது என்று ஒருவரும் சொல்லாவிட்டால், நிரல் எழுதுபவர் அந்தப் புலத்தை முழு எண் என்று அறிவித்த நொடியில் அவரே தீர்மானித்துவிடுகிறார். மலையில் நிற்கிறவரின் கூலியை அப்படி யாரும் தீர்மானிக்கக் கூடாது.

லொறி ஸ்டோருக்குப் போனதும் அங்கே மறுபடி நிறுவை. மடுவத்து மொத்தமும் ஸ்டோர் மொத்தமும் அபூர்வமாகத்தான் ஒன்றாக இருக்கும். வழியில் ஈரம் வடியும், தராசுக்குத் தராசு வேறுபாடு இருக்கும். சாய்சதுரம் போடுங்கள்: வித்தியாசம் எவ்வளவு வரை சரி? மிஞ்சினால் யார் விசாரிப்பது? முக்கியமாக, அந்த வித்தியாசம் தொழிலாளியின் கிலோவைத் தொடுமா? "தொடாது" என்பது பதிலானால் அதை ஒரு தேவையாகவே எழுதுங்கள்.

படி 5: படத்திலிருந்து தேவைகளை எடுங்கள்

இப்போது படம் கையில் இருக்கிறது. அதை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடந்து பாருங்கள்.

ஒரு பெட்டி வந்தால்: இதை மனிதர் மட்டும் செய்கிறாரா, மென்பொருளின் உதவியோடு செய்கிறாரா, மென்பொருள் தானே செய்கிறதா? கொழுந்து எடுப்பது முதல் வகை, அதில் நமக்கு வேலை இல்லை. கிலோ பதிவது இரண்டாவது, திரை வேண்டும். நாள் மொத்தம் கூட்டுவது மூன்றாவது, கணக்கீட்டு விதி வேண்டும்.

ஓர் அம்பு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குத் தாண்டினால் அங்கே கட்டாயம் நில்லுங்கள். வேலை கைமாறுகிறது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எப்போது, வாங்கியவர் மறுத்தால் என்ன? அனுமதிகள், அறிவித்தல்கள், கையொப்பங்கள் எல்லாம் இந்தத் தாண்டல்களில்தான் பிறக்கின்றன. நேரம் குறைவு என்றால் மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

சாய்சதுரம் ஒரு விதி. தாள் ஒரு தரவு. நேரத்தைக் குறிக்கக் கடிகாரம் வரைந்த வட்டம் ஒரு கெடு. செய்தி அம்பு வெளியிலுள்ள ஒருவரோடு இணைப்பு.

எழுதும் விதம் இப்படி இருக்கலாம் ("தே" என்பது தேவை):

தே-11: நிறுவையைப் பதிந்தவுடன் தொழிலாளிக்கு இலக்கம், மொத்த நிறை, கழிவுகள், மிச்ச நிறை அடங்கிய துண்டு தமிழில் கிடைக்க வேண்டும். (பணி: துண்டு கொடு)

தே-12: பதிந்த கிலோவை மாற்றினால் பழைய எண், புதிய எண், மாற்றியவர், நேரம், காரணம் ஐந்தும் அழியாமல் இருக்க வேண்டும். (பணி: பதிவைத் திருத்து)

தே-13: தொழிலாளியின் முறைப்பாடு பதிவான நாளிலிருந்து தீரும் வரை அந்தப் பதிவின் மீது "விசாரணையில்" என்ற குறி இருக்க வேண்டும், மாதக் கணக்கை மூடும் முன் அலுவலகத்துக்கு அவை பட்டியலாகத் தெரிய வேண்டும். (நிகழ்வு: கிலோ குறைவு என்று முறைப்பாடு)

அடைப்புக்குள் இருப்பது படத்தில் எங்கிருந்து வந்தது என்ற அடையாளம். அது இல்லாத தேவை வந்தால் இரண்டில் ஒன்று: படத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது அந்த வசதி யாருக்கும் தேவையில்லை.

படி 6: மாறும் விதிகளைப் படத்துக்கு வெளியே வையுங்கள்

தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் அது 1,350 ஆனது. அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை, ஓயவும் போவதில்லை. இப்படிப்பட்ட எண்ணைச் சாய்சதுரத்தின் பக்கத்தில் எழுதினால் ஒவ்வொரு வர்த்தமானிக்கும் படத்தைத் திருத்த வேண்டும். நிரலுக்குள் எழுதினால் நிரலையும்.

படத்தில் "நாள் கூலியைக் கணி" என்று ஒரு பெட்டி மட்டும் இருக்கட்டும். விதி ஒரு தீர்மான அட்டவணையில் இருக்கட்டும். இடப்பக்கம் நிபந்தனைகள்: வந்த நாள் முழுசா அரையா, எடுத்த கிலோ நாளுக்குரிய அளவுக்கு மேலா கீழா, சாதாரண நாளா ஞாயிறா. வலப்பக்கம் விளைவு: என்ன வீதம், எந்தக் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் "எந்தத் திகதியிலிருந்து" என்று ஒரு கட்டம். அந்தத் திகதி இல்லாவிட்டால், போன மாதக் கணக்கைத் திரும்பத் திறக்கும்போது புது வீதத்தில் கூட்டிவிடும்.

ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தொழில் தருநரிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருநரிடமிருந்து மட்டும் 3 சதவீதம். இவையும் அட்டவணைக்கே போக வேண்டும். எந்தெந்தக் கொடுப்பனவுக்கு இவை கணக்கிடப்படும் என்பதைச் சம்பளக் கிளார்க்கிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அட்டவணை வரைந்ததும் காலியாக இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். அரை நாள் வந்தவர் முழு நாளுக்குரிய கிலோவை எடுத்துவிட்டால்? அநேகமாக அந்தக் கட்டத்துக்கு யாரிடமும் உடனடிப் பதில் இருக்காது. அதை முகாமையாளரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள். நீங்களே நிரப்ப வேண்டாம்.

படி 7: திரும்பப் படித்துக் காட்டுங்கள்

படத்தை மின்னஞ்சலில் அனுப்பி "சரியா?" என்று கேட்டால் "சரி" என்றே பதில் வரும். அதற்குப் பதிலாக ஒருவரின் ஒரு நாளைக் கதையாகச் சொல்லிக்கொண்டே படத்தில் விரலை நகர்த்துங்கள். "இலக்கம் 47 அக்கா பெரட்டுக்கு வருகிறார். கங்காணி பேர் போடுகிறார். மலைக்குப் போகிறார். மழை வருகிறது..." இரண்டாவது நிமிடமே யாராவது குறுக்கிடுவார்: "இல்லை தம்பி, மழை என்றால் இங்கேயே நிறுத்திவிடுவோம்." அந்தக் குறுக்கீட்டுக்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

கொழுந்து எடுக்கும் இரண்டு மூன்று பேருக்கும் இதேபோல் சொல்லிக் காட்டுங்கள். வேலை நேரத்தில் கூப்பிட்டு அவர்களின் கிலோவைக் குறைக்காதீர்கள். கடைசி நிறுவைக்குப் பிறகு, அல்லது அவர்கள் சொல்லும் நேரத்தில் அவர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்ப் பேசுங்கள். குறியீடு அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கதை போதும்.

படி 8: இனி எப்படி இருக்க வேண்டும் என்று வரையுங்கள்

இருப்பதன் படத்துக்குப் பக்கத்தில் மென்பொருள் வந்த பிறகு உள்ள படம். இரண்டையும் ஒப்பிட்டு, எடுத்துவிட்ட ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கேள்வி: இந்த வேலை சத்தமில்லாமல் வேறு எதையாவது பாதுகாத்ததா? நிறுவைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் இருந்தால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எண் கேட்கிறது. புளூடூத் தராசு எண்ணை நேரே கைபேசிக்கு அனுப்பினால் அந்தச் சத்தம் போய்விடும். தொழிலாளி பார்க்கும் திசையில் ஒரு பெரிய திரை வேண்டும் என்ற தேவை இங்கிருந்து வருகிறது.

வரைபடம் தராத தேவைகளும் உண்டு. ஈரக் கையில் தொடுதிரை வேலை செய்வது, வெயிலில் எழுத்து தெரிவது, தமிழும் சிங்களமும் இரண்டிலும் திரை இருப்பது, ஒரு நிறுவைக்கு எத்தனை நொடி ஆகலாம் என்பது. இவற்றை மடுவத்தில் நின்றபோது எடுத்த குறிப்பிலிருந்து தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: பாதைகளைச் சோதனைகளாக மாற்றுங்கள்

தொடக்க வட்டத்திலிருந்து முடிவு வட்டம் வரை எத்தனை வழிகளில் போக முடியுமோ, ஒவ்வொன்றும் ஒரு சோதனை. காய்ந்த கொழுந்து, முழு நாள், சிக்னல் உண்டு என்பது ஒன்று. ஈரக் கொழுந்து, அரை நாள், சிக்னல் இல்லை, மறுநாள் முறைப்பாடு என்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் உண்மையான எண்களை வைத்து, விடையைக் கணக்கப்பிள்ளையைக் காகிதத்தில் போடச் சொல்லுங்கள். மென்பொருள் தரும் விடை அதோடு ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் ஒரு முழு மாதத்துக்குப் புத்தகத்தையும் மென்பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். சம்பளம் கொடுக்கும் நாளுக்கு முன் இரண்டு மொத்தங்களையும் தொழிலாளி வாரியாக ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு இலக்கத்தையும் படத்தில் எந்தப் பெட்டியில் பிரிந்தது என்று தேடிப் பிடியுங்கள். காரணம் கிடைக்கும் வரை புத்தகக் கணக்கின்படியே சம்பளம் போகட்டும்.